வாய்க்குள் கட்டி: சாதாரணமா, புற்றா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

குழித்துறைப் பாலம் எழுதியது:

அம்மாவுக்கு வயது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. இடப்பக்கக் கன்னத்தின் உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு நேராகக் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. வலி கிடையாது, ரத்தமும் இல்லை. சின்ன வயதிலிருந்தே வெற்றிலை முறுக்குகிறவர். புகையிலையை விட்டுச் சில வருடம் ஆகிறது, பாக்கும் சுண்ணாம்பும் இன்றும் உண்டு.

மார்த்தாண்டத்தில் பல் டாக்டரிடம் காட்டினோம். "சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் எடுத்து பயாப்சிக்கு அனுப்பிவிடலாம்" என்றார். வீட்டில் பெரிய வழக்கு. மாமா சொல்கிறார்: "வலிக்காத கட்டியில் கத்தி வைத்தால் அதுதான் புற்றாக மாறும்." பக்கத்து வீட்டுக்காரர் திருவனந்தபுரத்துக்கே நேராகப் போகச் சொல்கிறார். அம்மாவோ எதற்கும் போகமாட்டேன் என்கிறார்.

இரண்டு கேள்வி. பார்த்த மாத்திரத்தில் நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று சொல்ல முடியாதா? அப்புறம், இதில் நம்ம பக்கத்திலேயே பெரிய ஆராய்ச்சி எல்லாம் நடந்திருக்கிறது என்கிறார்களே, அதில் என்ன தெரிந்தது?

---

பல்லும் சொல்லும் எழுதியது:

பாறசாலைப் பக்கம் வேலை பார்க்கிறேன். படித்தது வாய் நோயியல், அதாவது நீங்கள் கொடுக்கும் சதைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற பிரிவு. அதனால் முதல் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்னத்தின் உள்ளே, பல் கடிபடும் கோட்டில் வரும் சின்ன உருண்டைக் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோமா. கூரான பல்லோ சரியாகப் பொருந்தாத பல்செட்டோ உரசி உரசி, அந்த இடத்தில் நார்த்திசு திரண்டுவிடும். எடுத்துவிட்டு, உரசுகிற பல்லையும் சரிசெய்தால் பொதுவாகத் திரும்ப வராது. கீழுதட்டுக்குள் நீர்க்கட்டி போல வந்து உடைந்து மறுபடி வருவது, உமிழ்நீர்ச் சுரப்பியின் சின்னக் குழாய் அறுந்து எச்சில் தேங்கியதால் வருவது. பூக்கோசு மாதிரி முகப்போடு பாப்பிலோமா என்ற மரு போன்ற கட்டி வரும். கர்ப்பிணிகளுக்கு ஈறில் சிவந்த கட்டி ஒன்று வரும், தொட்டாலே ரத்தம் கொட்டும். பார்த்தால் யாரும் பயந்துவிடுவார்கள், ஆனால் அது சாதுவான கட்டி. பல பேருக்குப் பிரசவத்துக்குப் பின் தானே சுருங்கிவிடும்.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. மேலண்ணத்தில் வழவழவென்று, மேல்தோல் கொஞ்சமும் புண்ணாகாமல், வலியில்லாமல் மெதுவாக வளர்கிற ஒரு கட்டி. சாதுவாகத் தெரியும். அண்ணத்தில் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் நிறைய உண்டு, அங்கே வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாகவே இருக்கும். அதில் அடினாய்டு சிஸ்டிக் என்ற வகை மெதுவாக வளரும், ஆனால் நரம்பைப் பற்றிக்கொண்டே வெகுதூரம் போய்விடும்.

ஆக, ரத்தம் வருவது நல்லதாக இருக்கலாம், சும்மா இருப்பது கெட்டதாக இருக்கலாம். எங்கள் சந்தேகத்தைக் கூட்டும் அடையாளங்கள் உண்டு: அடிப்பாகம் கட்டையாக இறுகியிருப்பது, விளிம்பு தடித்த புண், காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன உதடு, வாய் திறப்பது குறைவது, கழுத்தில் நெறிகட்டி. இவை இருந்தால் அவசரம். இல்லை என்றால் அவசரம் குறைவு, அவ்வளவுதான். "புற்று இல்லை" என்ற முடிவு இவற்றிலிருந்து வராது. வாய்ப் புற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஸ்க்வாமஸ் செல் கார்சினோமா என்ற ஒரே வகை, அது தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. உங்கள் மாமாவின் வாதத்தில் "வலிக்காத" என்ற முதல் வார்த்தையிலேயே எனக்கு உடன்பாடில்லை.

அம்மா வாயில் அந்தக் கட்டி தவிர வேறு ஏதாவது வெள்ளையாக, சிவப்பாகப் படர்ந்திருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாரா?

---

நெய்யூர்ப் பழங்கணக்கு எழுதியது:

தம்பி, ஆராய்ச்சி நம்ம பக்கத்தில் நடந்ததா என்று கேட்டால், இந்த விஷயத்தில் உலகத்துக்கே முதலில் எழுதிக் காட்டிய இடங்களில் ஒன்று நம்ம நெய்யூர்தான்.

அப்போது இது தென் திருவிதாங்கூர். லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டபிள்யூ. சி. பெண்டால், 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் "திருவிதாங்கூரில் புற்றுநோய்" என்று கட்டுரை எழுதினார். நெய்யூருக்கு வந்த ஆயிரத்து எழுநூறு நோயாளிகளின் கணக்கு அது. அதற்குச் சில வருடம் முன்பு, 1902இல், மெட்ராஸில் நிப்லாக் என்ற சர்ஜன் கன்னப் புற்றையும் வெற்றிலைப் பழக்கத்தையும் சேர்த்துப் பேசியிருந்தார். பிறகு 1933இல் நெய்யூரிலிருந்தே ஐ. எம். ஓர் என்பவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி. எவரெஸ்ட்டில் 1922லும் 1924லும் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் அந்தக் காலத்தில் அங்கேதான் அறுவை செய்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவரெஸ்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்கள், "சாமர்வெல் சாயிப்பு கை வைத்தால் பிழைத்துக்கொள்ளும்" என்பதை மட்டும் சொல்வார்கள்.

1956 நவம்பர் ஒன்றில் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், திருவனந்தபுரம் அந்தப் பக்கம் நின்றது. வெற்றிலைச் செல்லத்துக்கு அந்த எல்லை தெரியவில்லை. இன்றைக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கான் கடையில் தொங்குவது ஒரே சரக்கு.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நூறு வருடத்துக்கு முன்பே நம்ம ஊர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எழுதி உலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. நம்ம ஊருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

---

குழித்துறைப் பாலம் எழுதியது:

டாக்டர் அக்கா, கட்டிக்குச் சற்றுப் பின்னால், வெற்றிலையை அடக்கி வைக்கும் இடத்தில், தோல் வெளுத்துத்தான் இருக்கிறது. "அது சுண்ணாம்பு பட்டு வெந்தது, எப்போதும் உள்ளது" என்று அம்மா சொல்லிவிட்டார். டாக்டர் கவனித்தாரா தெரியாது.

அண்ணாச்சி, அம்மா புகையிலையை விட்டாயிற்றே. பாக்கு மட்டும் என்றால் பரவாயில்லைதானே?

---

பல்லும் சொல்லும் எழுதியது:

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுக்காரணி என்றது. 2004இல் மறுபடி எல்லா ஆய்வுகளையும் எடுத்துப் பார்த்துவிட்டு, புகையிலை இல்லாத வெற்றிலைப்பாக்கையும், தனிப் பாக்கையுமே அதே முதல் வரிசையில் வைத்தது. பாக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார் நாராக இறுக்கிவிடும். வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும், காரம் சுத்தமாகத் தாங்காது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படி இறுகிப்போன 66 பேரைப் பதினேழு வருடம் தொடர்ந்து பார்த்து 1985இல் எழுதினார்கள். அதில் ஐந்து பேருக்குப் புற்று வந்தது.

அந்த வெளுத்த இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போகாத, வேறு நோய் என்றும் சொல்ல முடியாத வெண்படலத்தைத்தான் லூக்கோபிளேக்கியா என்கிறோம். எல்லாம் புற்றாக மாறாது. ஆண்டுக்கு நூறில் ஒன்றோ இரண்டோ மாறலாம் என்ற அளவில்தான் பெரும்பாலான கணக்குகள். வெண்படலத்துக்கு நடுவே சிவப்பு தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். செம்படலங்களில் பெரும்பாலானவை எடுக்கும்போதே செல் மாற்றம் முற்றிய நிலையில்தான் இருக்கும்.

கட்டியை விடுங்கள். எனக்கு அந்த வெள்ளைதான் உறுத்துகிறது. பயாப்சி எடுக்கும் டாக்டரிடம் இரண்டு இடத்திலும் எடுக்கச் சொல்லுங்கள்.

---

தேங்காப்பட்டணம் அலை எழுதியது:

வெண்படலத்துக்கு ஏன் கத்தி? ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரை சாப்பிட்டால் மறையும் என்று கேரளத்திலேயே ஆராய்ச்சி செய்து நிரூபித்திருக்கிறார்கள். என் அண்ணன் கடையில் மாத்திரை கிடைக்கும். அம்மாவுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் பயாப்சி பற்றி யோசிக்கலாம்.

---

எண்ணெழுத்து எழுதியது:

அந்த ஆராய்ச்சியின் இரண்டாம் பாதியை விட்டுவிட்டீர்களே.

புகையிலை மெல்லும் ஆட்களிடம் நடந்த ஆய்வு அது, வெளிவந்தது 1995இல். ஸ்பைருலினா சாப்பிட்ட 44 பேரில் 20 பேருக்கு வெண்படலம் முழுதும் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்ட 43 பேரில் மூன்று பேருக்கு மறைந்தது. இது வரைக்கும் நீங்கள் சொன்னது சரி. மாத்திரையை நிறுத்தி ஒரு வருடத்துக்குள் அந்த 20 பேரில் ஒன்பது பேருக்குத் திரும்ப வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் 1990களிலேயே வைட்டமின் ஏ வைத்தும் பார்த்தார்கள், பாதிப் பேருக்கு மறைந்தது, நிறுத்தியதும் பலருக்கு மீண்டது. படலம் மறைவது வேறு, புற்று வராமல் தடுப்பது வேறு. இரண்டாவதை இதுவரை எந்த மாத்திரையும் செய்து காட்டவில்லை.

தவிர, "முதலில் மாத்திரை, பிறகு பயாப்சி" என்றால் அந்த மூன்று மாதம் நீங்கள் எதற்கு மருந்து கொடுக்கிறீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

---

தேங்காப்பட்டணம் அலை எழுதியது:

ஆங்கில மருத்துவம் மட்டும் எல்லாம் தெரிந்தே செய்கிறதா? சரி, நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

---

நகரி தறிச்சத்தம் எழுதியது:

நான் ஆந்திர எல்லை, நகரிப் பக்கம். இங்கே தெலுங்கிலும் தமிழிலும் கலந்து பேசுவோம், புகையிலை விஷயத்திலும் கலப்புதான். ஸ்ரீகாகுளத்துப் பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக் குடிப்பார்கள் என்று படித்தேன். உண்மையா? எங்களுக்கு அது வெகுதூரம், ஒடிசா எல்லை.

---

பல்லும் சொல்லும் எழுதியது:

உண்மைதான். டாடா ஆராய்ச்சிக் கழகத்தின் பல் ஆய்வுக் குழு, 1960களின் பிற்பகுதியில் ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் 50,915 கிராமத்தவரின் வாயைப் பார்த்தது. எர்ணாகுளமும் ஸ்ரீகாகுளமும் அதில் உண்டு, மற்றவை குஜராத்திலும் பீகாரிலும். மேத்தா, குப்தா, டென்மார்க்கிலிருந்து வந்த பிண்ட்போர்க் ஆகியோர் சேர்ந்து செய்தது. எந்தப் பழக்கமோ அந்த இடத்தில் நோய் என்பது அந்தக் கணக்கில் பளிச்சென்று தெரியும். அடக்கி மெல்லும் ஊரில் கன்னத்தில், நெருப்பு முனையை உள்ளே வைக்கும் ஸ்ரீகாகுளத்தில் மேலண்ணத்தில். மற்ற ஊர்களில் அண்ணத்தில் இந்த வகைப் புற்று அபூர்வம்.

அதே குழு 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களிடம் பேசிப் பேசிப் பழக்கத்தைக் குறைக்க வைத்துப் பார்த்தது, 1986இல் லான்செட்டில் வந்தது. குறைத்த ஊர்களில் புதிதாக வெண்படலம் வருவதும் குறைந்தது.

---

பத்மநாபபுரம் கதவு எழுதியது:

இவ்வளவு தூரம் எதற்கு? போனில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போட்டால் டாக்டர் அக்கா பார்த்துச் சொல்லிவிட மாட்டார்களா? இப்போது கம்ப்யூட்டரே படம் பார்த்துக் கண்டுபிடிக்கிறதாமே.

---

பல்லும் சொல்லும் எழுதியது:

தயவுசெய்து படம் போடாதீர்கள். கட்டையாக இறுகியிருக்கிறதா என்று விரலால் அமுக்கித்தான் தெரியும், படத்தில் அமுக்க முடியாது. போன் படம், நீலச் சாயம், பிரஷ்ஷால் சுரண்டிப் பார்ப்பது, ஒளிரும் விளக்கு எல்லாமே ஆராய்ச்சியில் உள்ளவைதான். யாரை முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய, டாக்டரே இல்லாத ஊரில் போன் படம் உதவலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சந்தேகமான இடத்துக்கு இவை எதுவும் பயாப்சிக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பயாப்சிக்கு ஒருவர் மறுத்தே விட்டால் பிரஷ் பரிசோதனை, அது ஒன்றுக்குத்தான் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள்.

---

எண்ணெழுத்து எழுதியது:

தொடங்கியவரின் இரண்டாவது கேள்விக்கு யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. "திருவனந்தபுரம் ஆராய்ச்சி" என்று எல்லோரும் குறிப்பது பெரும்பாலும் 1996இல் தொடங்கிய பரிசோதனை ஆய்வைத்தான். மண்டலப் புற்றுநோய் மையம், அதாவது ஆர்சிசி நடத்தியது, சங்கரநாராயணன் தலைமையில். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஏழில் பரிசோதனை, ஆறில் வழக்கமான வைத்தியம் மட்டும். 35 வயதுக்கு மேற்பட்டோர் ஏறக்குறைய 1,92,000 பேர். வாயைப் பார்த்தது டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுத்த பட்டதாரிகள்.

2005இல் முடிவு வந்தது. பரிசோதித்த பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றால் இறந்தவர்கள் 77, மற்றதில் 87. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் இறப்பு 34 சதவீதம் குறைவு, அது தற்செயல் என்று தள்ள முடியாதது. அதனால்தான் "எல்லோர் வாயையும் பார்" என்று உலகம் சொல்லவில்லை, "பழக்கம் உள்ளவர் வாயைப் பார்" என்றது. பதினைந்து வருடக் கணக்கு 2013இல் வந்தபோது பழக்கக்காரர்களில் அந்தக் குறைவு 24 சதவீதம்.

நான் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடுகிறவன் இல்லை. பதின்மூன்றே பஞ்சாயத்து என்பது குலுக்கலுக்குச் சிறிய எண்ணிக்கை. பெண்களில் மட்டும் பார்த்தால் பலன் உறுதியாகவில்லை. இப்படி ஒரு பெரிய ஆய்வு உலகத்தில் வேறு எங்கும் திரும்பச் செய்யப்படவும் இல்லை, ஒரே தூணில் நிற்கிறது.

எனக்கு அதில் எப்போதும் உறைப்பது வேறொரு எண். பரிசோதனையில் "சந்தேகம், டாக்டரிடம் போங்கள்" என்று சொல்லப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218. நூறில் 63. வீடு தேடி வந்து, வாயைத் திறக்க வைத்து, இடத்தைக் காட்டிச் சொன்ன பிறகும் மூன்றில் ஒருவருக்கு மேல் போகவில்லை.

---

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

போகாத அந்த ஆட்களில் ஒருவரோடு குடும்பம் நடத்தியவள் நான். அந்த ஆய்வில் இல்லை, பிற்பாடு எங்கள் ஊரில் சர்ச் வளாகத்தில் போட்ட ஒரு முகாமில். என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டு. "கன்னத்தில் ஒரு புண் இருக்கிறது, போய்க் காட்டுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் போயிற்று.

ஏன் போகவில்லை என்று படித்தவர்கள் கேட்பார்கள். விடிகாலை வெட்டு விட்டால் அன்றைய கூலி போச்சு. பஸ்ஸில் திருவனந்தபுரம் போய் வரிசையில் நின்று திரும்ப ராத்திரி ஆகும். அதெல்லாம்கூட இரண்டாவது. "போனால் சொல்லிவிடுவார்கள்" என்ற பயம்தான் முதல். சொல்லாதவரை அது வெறும் புண்.

பிறகு போனபோது கன்னத்தைத் தாண்டி ஈறைப் பிடித்துவிட்டது. கன்னத்தை வெட்டி, நெஞ்சுச் சதையை எடுத்து வைத்துத் தைத்தார்கள், கழுத்திலும் நெடுக வெட்டினார்கள். அப்புறம் ஆறு வாரம் கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைத்தார்கள். இருக்கிறார். வேலைக்குப் போகிறார். வாய் இரண்டு விரல்கூடத் திறக்காது, மரச்சீனிக் கிழங்கை மசித்துக் கொடுத்தால்தான் இறங்கும்.

டாக்டரிடம் ஒரு சந்தேகம், இன்று வரை கேட்கத் தோன்றவில்லை. கழுத்தில் கட்டியே இல்லை என்றார்கள். அப்படியும் ஏன் கழுத்தை வெட்டினார்கள்?

---

பல்லும் சொல்லும் எழுதியது:

அக்கா, கையால் தடவினால் தெரியாத அளவிலேயே கழுத்து நிணநீர்க் கணுக்களில் செல்கள் போய் உட்கார்ந்திருக்கும். முதலிலேயே எடுப்பதா, வந்தால் பார்க்கலாம் என்று விடுவதா என்று டாக்டர்களுக்குள் ரொம்ப காலம் சண்டை. மும்பை டாடா மெமோரியலில் டி குரூஸ் குழு இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. 2015இல் வெளியானது. முதலிலேயே எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5. சின்னக் கட்டிகளுக்கே இந்த வித்தியாசம். உலகம் முழுக்க வாய்ப் புற்று சர்ஜன்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டது அந்த ஆய்வால்தான். 2017இல் நோயின் கட்டத்தைக் கணக்கிடும் முறையும் மாறியது. அதற்கு முன் அகலத்தை மட்டும் அளந்தார்கள், இப்போது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆழம் கூடக் கூடக் கழுத்துக்குப் போகும் வாய்ப்பும் கூடும்.

---

நெய்யூர்ப் பழங்கணக்கு எழுதியது:

அந்த மாமா சொன்ன "கத்தி பட்டால் பரவும்" என்பதற்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் நம்புவது அதைத்தான். வெறுமனே மூடநம்பிக்கை என்று தள்ளினால் அம்மா கிளம்பமாட்டார்.

---

பல்லும் சொல்லும் எழுதியது:

சரியான கேள்வி அண்ணாச்சி. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஊர்க்காரர்கள் கண்ணால் கண்டது இதுதான்: ஒருவருக்கு வாயில் புண், வருடக்கணக்கில் நடமாடினார், ஆஸ்பத்திரிக்குப் போனார், துண்டு எடுத்தார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார். வரிசையைப் பார்த்தால் கத்திதான் குற்றவாளி. ஆனால் அவர் போனதே முற்றிய பிறகு. கத்தி வைக்காமல் விட்டிருந்தாலும் அந்த ஆறு மாதம்தான்.

வாய்க்குள் அரை சென்டிமீட்டர் துண்டு எடுப்பதால் சாதாரணக் கட்டி புற்றாக மாறாது. புற்றாகவே இருந்தாலும், பயாப்சியால் நோயாளியின் ஆயுள் குறைந்ததற்குச் சான்று இல்லை. துண்டு எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை வாங்காமல் மாதக்கணக்கில் கிடப்பதுதான் கெடுதல், அதை நிறையப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "புற்று இல்லை" என்றால் "ஒன்றும் இல்லை" என்று ஆகாது. அமிலோபிளாஸ்டோமா என்று தாடை எலும்பில் ஒரு கட்டி, பல் முளைக்கும் திசுவிலிருந்து வருவது. பட்டியலில் அது சாதுக் கட்டிதான், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். ஆனால் தாடையை உள்ளிருந்தே தின்றுவிடும், சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும், அதனால் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். கீழ்த்தாடையில் வரும் இவற்றில் பாதிக்கு மேல் பிராஃப் என்ற ஒரே மரபணு மாற்றம் இருப்பதை 2014இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

---

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

குழித்துறைத் தம்பி, அம்மாவை நான் வேண்டுமானால் வந்து கூட்டிப் போகிறேன். ஆம்பிளைப் பிள்ளைகள் சொன்னால் கேட்காதவர்கள், இன்னொரு பெண்பிள்ளை துணைக்கு வந்தால் கிளம்புவார்கள். நான் இந்த வேலையை அடிக்கடி செய்கிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள்.

---

குழித்துறைப் பாலம் எழுதியது:

கொஞ்ச நாள் இங்கே எழுத முடியவில்லை, மன்னியுங்கள். மார்த்தாண்டம் அக்கா வந்தார்கள், அம்மா பேச்சில்லாமல் கிளம்பினார். மாமாதான் இன்னும் பேசவில்லை.

கட்டியை முழுதாக எடுத்தார்கள், வெள்ளை இடத்திலும் ஒரு துண்டு. ஊசி போட்டதோடு வலி முடிந்தது என்கிறார் அம்மா. ரிப்போர்ட்: கட்டி ஃபைப்ரோமா. வெள்ளை இடத்தில் "லேசான டிஸ்பிளேசியா" என்று போட்டிருக்கிறது. கட்டிக்குப் பயந்துகொண்டிருந்தோம், அது ஒன்றுமில்லை. வீட்டில் யாருமே கண்டுகொள்ளாத வெள்ளைக்கு இப்படி ஒரு பேர். இதற்கு என்ன அர்த்தம்? புற்றின் முதல் கட்டமா?

---

பல்லும் சொல்லும் எழுதியது:

இல்லை, புற்றின் முதல் கட்டம் அல்ல. மேல்தோல் செல்கள் வரிசை குலைந்து, உருவம் சற்று மாறியிருக்கின்றன, ஆனால் அடித்தளச் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. இறங்கினால்தான் புற்று. லேசானது, நடுத்தரம், கடுமை என்று மூன்றாகப் பிரிப்போம். இந்தப் பிரிவில் இரண்டு நோயியல் நிபுணர்களே சில சமயம் ஒத்துப்போகமாட்டார்கள், இதை எங்கள் துறைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். லேசானது அப்படியே பல வருடம் கிடக்கலாம், பாக்கை நிறுத்தினால் மறையவும் செய்யலாம், சிலருக்கு மேலே ஏறலாம். எது எந்த வழியில் போகும் என்று இன்றைக்கு முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஆராய்ச்சியில் இப்போது பெரும்பாடு அந்தக் கேள்வியோடுதான்.

அதனால் செய்ய வேண்டியது: பாக்கும் சுண்ணாம்பும் முழுதாக நிறுத்த வேண்டும். படலம் சின்னதாக இருந்தால் அங்கேயே முழுதாக எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். எடுத்த இடத்திலேயே திரும்பவும் வரலாம், வாயில் வேறு இடத்திலும் வரலாம், ஆகவே ஒவ்வொரு தடவையும் வாய் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் புண், தடிப்பு எது தெரிந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம், சிவப்பு தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

---

குழித்துறைப் பாலம் எழுதியது:

நிறுத்தச் சொன்னால் "வாய் சும்மா இருந்தால் தலை சுற்றுகிறது" என்கிறார். முழுதாக விடுவது சிரமமாக இருக்கும்போல.

---

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

முதல் இரண்டு வாரம்தான் பாடு. கிராம்பு, கருஞ்சீரகம், பெருஞ்சீரகம் எதையாவது வாயில் போடக் கொடுங்கள். வெற்றிலைச் செல்லத்தை ஒளித்து வைக்காதீர்கள், அவர் கையாலேயே யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை காட்டப் போகும்போது நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், தேதி மட்டும் சொல்லுங்கள்.

---

பல்லும் சொல்லும் எழுதியது:

புகையிலையும் இருந்திருந்தால் நிக்கோடின் சூயிங்கம் பற்றிப் பேசியிருப்பேன், தனிப் பாக்குக்கு அது பெரிதாக உதவாது. அக்கா சொன்ன வழிதான்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது தம்பி. ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், பரிசோதனைக்கூடத்தில் ஸ்லைடையும், சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள், மெழுகு இளகும். ரேஷன் கார்டு உறை வேண்டாம்.